பெம்பான் தோட்டத்து ஜெட்

இந்த விமானப் பராமரிப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு விமானத்தை அறிமுகப்படுத்துகிறேன். அது எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. எந்தப் பயணச்சீட்டிலும் அதன் பெயர் அச்சானதில்லை. சில நாட்களில், காலைத் தூக்கம் கலைந்தும் கலையாமலும் தெங்கேராவில் உள்ள என் வீட்டில் படுத்திருக்கும்போது, அப்படி ஒரு விமானம் இருந்ததா என்று எனக்கே சந்தேகம் வரும். பிறகு காதுக்குள் அந்தச் சத்தம் கேட்கும். இருந்தது என்று எழுந்துகொள்வேன்.

மலாய் நாட்டில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், சாலையில் ராணுவம், இரண்டுக்கும் நடுவில் முள்வேலி போட்ட தோட்டங்களில் நம் ஆட்கள். அந்த நேரம் பார்த்து இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் சிறிய பயணிகள் ஜெட் ஒன்றைச் செய்துபார்த்தது. ஒரு பஸ்ஸில் ஏறுகிற அளவு ஆட்களை ஏற்றிக்கொண்டு, சிறிய ஊர்களின் குட்டையான ஓடுபாதைகளில் இறங்கி ஏறும் விமானம். வெயிலிலும் ஈரத்திலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிக்க இடம் தேடினார்கள். பெம்பான் ஊருக்கு அப்பால், ரப்பர்த் தோட்டத்துக்கும் சதுப்பு நிலத்துக்கும் இடையே போருக்குப் பின் கைவிடப்பட்ட ஓடுபாதை ஒன்று கிடைத்தது. வெயில், ஈரம் இரண்டுக்கும் அங்கே குறைவில்லை.

நான் அங்கே உதிரிப்பாகக் கிடங்குக்குப் பொறுப்பு; தோட்டத்து ஆட்களுக்குக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தவன். விதிப்புத்தகத்தை வாசிப்பவர்கள் இரண்டு வகை. விதியைக் காப்பாற்ற வாசிப்பவர்கள், விதியிலிருந்து தப்பிக்க வாசிப்பவர்கள். நான் வேறு வேலை இல்லாததால் வாசித்தேன்.

அந்த விமானம் பறப்பதை எப்படிச் சொல்வது? காலையில் பால்மரக் காட்டில் மூடுபனி கலையாமல் நிற்கும். ரப்பர்ப் பாலுக்காகப் பட்டையைக் கீறுகிற, மரம் வெட்டுகிறவர்கள் என்று நாங்கள் சொல்கிற ஆட்கள், அவரவர் நிரையில், தங்களுக்கு ஒதுக்கிய மர வரிசையில், குனிந்திருப்பார்கள். தலைக்கு மேலே வெள்ளியாக ஏதோ ஒன்று மரநுனிகளைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போகும். சத்தமே இருக்காது. அது போய் மறைந்த பிறகு, விட்டுப்போன எதையோ எடுக்க வந்ததுபோல் சத்தம் தனியாக வரும். இலைகளிலிருந்து நீர் கொட்டும். கோப்பைகளில் பால் ஆடும். வெட்டுக்கத்தியைப் பிடித்தபடியே எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறகு நாள் முழுக்க மெதுவாகப் பேசுவார்கள்.

முதல் வாரமே தோட்டத்துக் கோயிலில் இருந்து நாலைந்து பேர் பூசைத் தட்டோடு வந்துவிட்டார்கள். புது வண்டிக்குப் பூசை போடாமல் எப்படி ஓட்டுவது? விமானி சிரித்த முகம் உள்ள இளைஞன். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சம்மதித்தான். சூடம் கொளுத்துவதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. இறக்கை நிறைய எரிபொருள், மண்ணெண்ணெய், இருக்கிறது என்று நான் விளக்கினேன். “அப்ப தூரமா நின்னு காட்டுறோம்லா, சாமிக்குக் கண்ணு தெரியாதா?” என்றார் பூசாரி. தூர நின்று காட்டினார்கள்.

அந்த விமானத்தை வாங்குவதற்காக விமான சேவைக்காரர்களும் அரசாங்க ஆட்களும் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. விமான நிறுவனத்தின் நிர்வாகி, நாங்கள் பெரிய துரை என்று அழைத்த வெள்ளைக்காரர், அந்தச் சனிக்கிழமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அன்று விமானம் எல்லோர் முன்னாலும் குட்டைப் பாதையில் இறங்கிக் காட்டவேண்டும். ஆர்டர் கிடைத்தால் இங்கேயே பழுதுபார்க்கும் பட்டறை, என்னை இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவது, எல்லாம் நடக்கும் என்றார். நானும் மனத்துக்குள் கம்பளிக் கோட்டு ஒன்றைத் தைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத் தொடக்கத்தில் பிரேக் குழாய் ஒன்று ஒழுகியது. குழாயை மாற்றினார்கள். ஒழுகிப்போன எண்ணெய்க்குப் பதில் புதிது வேண்டும். அந்த எண்ணெய் சாதாரண எண்ணெய் இல்லை. காற்றுப் பட்டால் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய எண்ணெய், பிரேக் சூடானால் கொதித்துக் குமிழியாகும். அப்போது விமானி பிரேக்கை மிதித்தால் பஞ்சுத் தலையணையை மிதித்ததுபோல் இருக்கும். பாதையின் முடிவில் சதுப்பு நிலம் பொறுமையாகக் காத்திருக்கும். அதனால்தான் அது சிறு சிறு டின்களில், காற்றுப் புகாமல் அடைத்து வரும்.

டின்கள் சிங்கப்பூரில் இறங்கிவிட்டன. லாரி வரவேண்டும். விதி என்ன? பொருள் லாரி பெரிய சாலையில்தான் வரவேண்டும், கிடங்கிலிருந்து ஓர் ஆள் கூடவே வரவேண்டும். அந்த ஆள் நான். ஆனால் பெரிய சாலையில் ராணுவச் சோதனை, வரிசை நீளம். பெரிய துரை அவசரப்பட்டார். “தோட்டத்துக்குள் புகுந்து வரட்டும். நீ இங்கே இரு, விருந்தாளிகளுக்கு நாற்காலி போட ஆள் வேண்டும்” என்றார். விதியைச் சொன்னேன். கையை வீசி ஈ விரட்டினார். நான் நாற்காலி போட்டேன்.

லாரி தோட்டத்துக் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்தவள் அஞ்சலை.

இன்றைக்கு உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அந்த நாட்களில் ஒரு பிடி அரிசிகூடத் தோட்டத்துக்குள் இருந்து காட்டுக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. கேட்டில் வெளியே போகிற பெண்களைச் சோதிக்கப் பெண் ஒருத்தியை வைத்திருந்தார்கள். டின்னில் அடைத்த சாப்பாடு என்றால் அதைக் கடையிலேயே ஆணியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் விற்கவேண்டும். ஓட்டை விழுந்த டின் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குள் பதுக்கிவைக்க உதவாது. ஓட்டை இல்லாத டின் கேட்டுக்கு வந்தால் கேட்டிலேயே குத்தவேண்டும். காவலுக்கு நிற்கும் துப்பாக்கிக்காரர் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆணியும் சுத்தியலும் அஞ்சலையிடம் இருக்கும்.

லாரி ஓட்டுநரை அடையாள அட்டை பார்க்கக் காவல் கொட்டகைக்குள் கூப்பிட்டிருக்கிறார்கள். பெட்டியில் பால் டின் அளவில் டின்கள். கப்பலின் ஈரத்தில் பெயர்க் காகிதங்கள் உரிந்து போயிருந்தன. மூடியில் பொறித்திருந்த ஆங்கிலம் அஞ்சலைக்குத் தெரியாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குத்தியிருக்கிறாள். எதிரெதிரே இரண்டு ஓட்டை, முறைப்படி. எண்ணெய் கசிவதைப் பார்த்து, முந்தானையால் ஒவ்வொரு மூடியையும் துடைத்து, சாயாமல் திரும்ப அடுக்கியும் வைத்திருக்கிறாள்.

நான் பெட்டியைத் திறந்தபோது எல்லா மூடியிலும் இரண்டிரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

எங்கள் தலைமைப் பரிசோதகர் யாழ்ப்பாணத்துக்காரர். என் தொழிலில் நான் மதித்த ஒரே மனிதர் என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது. ஒரு டின்னை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கீழே வைத்தார். பெரிய துரை வந்தார். வடிகட்டினால்? சூடாக்கினால்? ஒரே ஒரு முறை இறங்கிக் காட்டினால் போதுமே? பரிசோதகர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பதில், முடியாது. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“துரைக்கு அவசரம், தம்பி. ஈரத்துக்கு அது விளங்காது. விமானம் நிக்கட்டும்.”

நின்றது. சனிக்கிழமைக்குள் வேறு டின்கள் வர வழியில்லை.

இதுவரை நடந்தது ஒரு தவறு மட்டும்தான். தவறுகள் சாதுவான பிராணிகள், நம் தொழிலில் தினமும் காலில் இடறும். அடுத்து நடந்ததுதான் நீங்கள் கவனிக்கவேண்டியது. பெரிய துரை தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அவர் வாயில் ஒரு புதிய வார்த்தை இருந்தது. நாசவேலை. எதிரிகள் திட்டமிட்டு எங்கள் எண்ணெயைக் கெடுத்துவிட்டார்கள். இப்படிச் சொன்னால் இங்கிலாந்தில் அனுதாபம் கிடைக்கும், வாங்க வருகிறவர்கள் இன்னொரு நாள் கொடுப்பார்கள், விமானம் பிழைக்கும். குறுக்குவழியால் கெட்டது என்றால் கெடுவது அவர் பெயர்.

அவர் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அந்த விமானத்தை அவர் தன் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். சாயங்காலங்களில் அதன் வயிற்றுக்கடியில் நின்று, வெயில் பட்டுச் சூடான தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். பிள்ளைக்காக மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள்.

ஆனால் அந்த நாட்களில் அந்த வார்த்தைக்கு விலை உண்டு. நாசவேலை என்று போலீஸ் எழுதிவிட்டால் விசாரணை கிடையாது. ஆளைக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். குடும்பம் தோட்டத்து லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அப்புறம் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன குடும்பங்களை அந்தத் தோட்டத்திலேயே எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை போலீஸ் அதிகாரி ஒருவர், வெள்ளைக்காரர், ஜீப்பில் வந்தார். டின்களைக் குத்தியவள் என்று அஞ்சலையை விமானக் கொட்டகைக்குக் கூட்டிவந்தார்கள். விமானம் நடுவில் நின்றது. கூரை இடுக்கு வழியாக விழுந்த வெயில் அதன் முதுகில் கோடு கோடாகப் படிந்திருந்தது. அதைப் பக்கத்தில் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. தன்னை எதற்குக் கூட்டிவந்தார்கள் என்பதை மறந்துவிட்டதுபோல் நின்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மொழிபெயர்க்க என்னை நிறுத்தியிருந்தார்கள்.

“கிராணித் தம்பி, என்ன சூசா இது, என்ன தொல்லை? நான் என்ன பண்ணிட்டேன்னு ஜீப்பு வருது?”

“ஒன்றுமில்லை அக்கா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லன்னா உன் மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?” குரலைத் தாழ்த்தினாள். “கப்பலேத்திருவாங்களா? எனக்கு அங்க யாரு தம்பி இருக்கா? பொறந்தது இங்க, தாலி கட்டினது இங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க. இந்தியா எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாதுலா.”

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய துரை பக்கத்தில் நின்றார். அதிகாரி முதல் கேள்வியைக் கேட்டார். டின்களைக் குத்தச் சொன்னது யார் என்று கேள். கேட்டேன்.

அஞ்சலை கையை நீட்டினாள். நேராக அதிகாரியின் மார்பை நோக்கி.

“இவருதான்.”

அவள் தொடர்ந்தாள். “காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சு, நாற்காலி மேல ஏறி நின்னு, பால் டின்ன ஒரு கையில புடிச்சுக்கிட்டு இவருதானே குத்திக் காட்டினாரு? ஒரு ஓட்ட போட்டா பத்தாது, எதிரெதிரா ரெண்டு போடணும்னு சொன்னாரு. பாலு அவரு சட்டையில எல்லாம் தெறிச்சுச்சு. கேளு தம்பி, ஞாபகம் இருக்கான்னு.”

மொழிபெயர்ப்பவனுக்கு அப்போது நிறைய ஆசைகள் வரும். மெருகேற்றலாம், மழுப்பலாம், சட்டையை விட்டுவிடலாம். நான் எதையும் விடவில்லை. சட்டையையும் சேர்த்துச் சொன்னேன். அதிகாரியின் காது மடல்கள் மெதுவாகச் சிவந்தன. ஞாபகம் இருந்தது.

அவர் முட்டாள் இல்லை. அடுத்த கேள்வியைப் பெரிய துரையிடம் கேட்டார். விமானத்துக்கு வரவேண்டிய லாரி தோட்டத்துக் கேட்டுக்கு ஏன் போனது?

பெரிய துரை விமானத்தைப் பார்த்தார். “ஓட்டுநர் வழி தவறிவிட்டார்” என்றார்.

பாருங்கள், ஒரு நொடியில் அஞ்சலையின் கழுத்திலிருந்த கயிறு லாரி ஓட்டுநரின் கழுத்துக்குப் போகப் பார்த்தது. அவர் மலாய்க்காரர், ஐந்து பிள்ளைகளோ ஆறோ, வெளியே லாரி நிழலில் குந்தியிருந்தார். தன்னைப் பற்றிப் பேச்சு நடப்பதே அவருக்குத் தெரியாது. பெரிய துரை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இங்கிலாந்து இருந்தது, கம்பளிக் கோட்டு இருந்தது. பரிசோதகரைப் பார்த்தேன். அவர் உதவவில்லை. ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நெருக்கடி வந்தால் முதலில் குலைவது எது தெரியுமா? நடந்தவற்றின் வரிசை. யாரும் முழுப் பொய் சொல்லமாட்டார்கள். வரிசையில் ஒன்றை மட்டும் உருவிவிடுவார்கள். மிச்சம் எல்லாம் தானாகச் சரிந்து யாரோ ஏழையின் தலையில் விழும். ஆகவே எந்தக் கேள்விக்கும் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் பழகுங்கள். நியாயம் பேசவேண்டாம். குற்றம் சாட்டவேண்டாம். அதெல்லாம் வரிசையே பார்த்துக்கொள்ளும்.

நான் வரிசையைச் சொன்னேன். பெரிய சாலையில் தாமதம். தோட்டப் பாதையில் வரச்சொல்லி நிர்வாகத்தின் உத்தரவு. கூடப் போகவேண்டிய நான் நாற்காலி போட நின்றது. கேட்டில் ஓட்டுநரை அட்டை பார்க்கக் கூப்பிட்டது. காகிதம் இல்லாத டின்கள். சட்டப்படி இரண்டு ஓட்டை. அவ்வளவுதான். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது, கூரைத் தகரத்தில் பட்டு எங்கிருந்தோ திரும்பி வந்தது.



அதிகாரி எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் போகலாம் என்றார். மொழிபெயர்த்தேன். அஞ்சலை நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்துகொண்டாள்.

“அப்ப நான் கேட்டுக்குப் போறேன். நான் இல்லன்னா அந்தத் துப்பாக்கிக்காரன்தான் நிக்கிறான். பொம்பளைங்கள அவன் சோதிக்கக்கூடாதுலா, இவருதான் அதையும் சொன்னாரு.”

அதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார்.

சனிக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். நான் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து, நிற்கும் விமானத்தைப் பார்த்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பெரிய துரை என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. இங்கிலாந்துப் பயிற்சிக்குச் சிங்கப்பூர்ப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார். புதிய டின்கள் பெரிய சாலை வழியாக, என் மடியில் உட்காராத குறையாக, வந்து சேர்ந்தன. விமானம் மறுபடி பறந்தது. விருந்தாளிகளும் மறுபடி வந்து பார்த்தார்கள். அழகாக இறங்கியது. கைதட்டினார்கள். வாங்கவில்லை.

சில மாதங்களில் இங்கிலாந்திலிருந்து தந்தி வந்தது. திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பையன் கப்பலேறவே இல்லை.

பெம்பான் பக்கத்தில் இன்றும் சிலர், அந்த டின்களில் ஓட்டை விழாமல் இருந்திருந்தால் இங்கே ஜெட் பட்டறை வந்திருக்கும் என்று சொல்வார்கள். வந்திருக்காது. அந்த விமானம் எரிபொருளைக் குடித்த வேகத்துக்கு எந்தச் சேவைக்காரரும் கட்டுப்படியாக ஓட்டமுடியாது. பழைய விசிறி விமானமே போதும் என்று அவர்கள் முன்பே முடிவுசெய்திருந்தார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரிய வந்தபோது, அஞ்சலையை நினைத்துக்கொண்டேன். நடக்கவே நடக்காத ஒன்றைக் காப்பாற்றவா அவளைப் பலிகொடுக்கப் பார்த்தோம்?

விமானத்தைச் சிங்கப்பூருக்குப் பறக்கவிட்டு, அங்கே கழற்றிக் கப்பலில் ஏற்றவேண்டும். அதற்கு முன் ஒரு சோதனைப் பறப்பு. வழக்கமாகப் பயணிகளின் எடைக்கு மணல் மூட்டைகளை இருக்கைகளில் கட்டுவோம். மூட்டைகளை ஏற்கெனவே அவிழ்த்துக் கொட்டியாகிவிட்டது. விமானி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்து ஆட்களைப் பார்த்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் நினைத்தது எத்தனை விதிகளுக்கு விரோதம் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் முழுமையாகத் தெரியும். நீங்கள் இதைப் பின்பற்றினால் உங்களை வேலையைவிட்டு அனுப்பச் சொல்லும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பிரேக்கைத் தானே ஒருமுறை சோதித்துவிட்டு வந்த பரிசோதகர், “நான் சாப்பிடப் போறன், தம்பி. வர நேரமாகும்” என்றார். மணி காலை ஒன்பதுகூட ஆகியிருக்காது. பெரிய துரை விமானத்தின் வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “யாராவது அதில் உட்காரட்டும்” என்றார், யாரிடமும் சொல்லாததுபோல்.

பூசாரி ஏறினார். மரம் வெட்டுகிறவர்கள் சிலர், பால் கறை படிந்த சட்டையோடு, செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஏறினார்கள். அந்தச் செருப்புகளை உள்ளே எடுத்துவைக்க நான் ஓடவேண்டியிருந்தது. அஞ்சலை கேட்டை வேறு ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். சன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில்.

ஓடுபாதை ஓடியது, பிறகு கீழே இறங்கிப்போனது. சத்தம் எங்களுக்குப் பின்னால் எங்கோ தங்கிவிட்டது. உள்ளே மூச்சுவிடும் ஒலிதான். பூசாரியின் உதடுகள் மட்டும் அசைந்தன. கீழே மூடுபனி வெள்ளைத் துணிபோல் விலகிக்கொடுக்க, பால்மரங்கள் சீப்பால் வாரியதுபோல் வரிசை வரிசையாகக் கிடந்தன. லயங்கள், கோயில், சிவப்பு மண் பாதை. ஒவ்வொருவரும் தன் நிரையைக் கண்ணாடியில் விரலால் தொட்டுத் தேடினார். யாருக்கும் கிடைக்கவில்லை. யாருக்கும் அதில் வருத்தமில்லை. அந்த விமானம் தன் ஆயுளில் ஏற்றிய பயணிகள் இவர்கள் மட்டும்தான்.

ஊரைக் கடந்ததும் கடல் வந்தது. பச்சை திடீரென்று முடிந்து, விளிம்பே இல்லாத ஒரு வெளிச்சம். அதில் ஒரு கப்பல், புகையோடு, நகராததுபோல் நகர்ந்துகொண்டிருந்தது. அஞ்சலை கண்ணாடியில் நெற்றியை வைத்து அதையே பார்த்தாள்.

“தம்பி, அவங்க சொல்ற இந்தியா இந்தப் பக்கமா?”

“இந்தப் பக்கம்தான் அக்கா. ஆனால் ரொம்ப தூரம். நடுவில் சுமத்ரா இருக்கு.”

அவள் கை என் சட்டையைப் பற்றியது. கேட்டில் அத்தனை பேரைத் தடவிச் சோதித்த கை. இவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

“போதும்லா. வீட்டுப் பக்கம் திருப்பச் சொல்லு.”

நான் எழுந்து முன்னால் போய் விமானியிடம் சொன்னேன். அவன் காரணம் கேட்கவில்லை. இறக்கை ஒன்று மெல்லச் சாய்ந்தது. கடல் கண்ணாடியிலிருந்து வழிந்து கீழே போக, பச்சை ஏறி வந்து சன்னலை நிறைத்தது. நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பவள்போல், நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.